உருகுநிலை

தில்லி மாநகருக்கு யாம் பணியேற்க வந்தது 1972ஆம் ஆண்டில். வந்த முதற் குளிர்காலத்திலே எம்மைத் திகைக்க வைத்தது ஒரு தேங்காயெண்ணெய்ப் புட்டி. ஊரிலிருந்து எம் அன்னையார் செக்கில் ஆட்டிக் கொடுத்தனுப்பிய எண்ணெய் அது. கரோல்பாக்கில் ஒரு மாடியறையில் குடியிருந்தோம். மார்கழி விடியலில் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு துளி விழவில்லை. உள்ளே எண்ணெய் வெண்சுண்ணம் போல இறுகிக் கிடந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினோம். குச்சி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கீழ்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் அதைக் கண்டு, மதராசிகள் டால்டாவைத் தலைக்குத் தேய்த்துக் கொள்கிறார்கள் என்று தெருமுழுதும் சொல்லி வைத்தார். அப்பெயர் எமக்குப் பல மாதங்கள் நிலைத்திருந்தது.

எம் தொழிலோ பள்ளியில் வேதியியல் கற்பித்தல். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் என்பது யாம் அறியாததன்று. தஞ்சைத் தரணியில் வெப்பம் அதற்குக் கீழே இறங்கும் நாள்கள் சில. அந்நாள்களிலும் எண்ணெய் சற்றே குழம்பிப் பின் வெயிலேறத் தெளிந்துவிடும். தில்லியிலோ சனவரித் திங்களில் இரவு வெப்பம் 7, 8 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நூலில் படித்த எண் வேறு. குளிரில் விறைத்த கையோடு புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அறிந்த எண் வேறு.

அதே அலமாரியில் நல்லெண்ணெய் மட்டும் எப்போதும் போல ஒழுகிக் கொண்டிருந்தது. இதன் காரணத்தை எம் மாணவர்க்கு விறகைக் கொண்டு விளக்குவது வழக்கம். நேரான விறகை அடுக்கினால் ஒன்றோடொன்று நெருங்கிப் படியும். கோணல் விறகை எப்படி அடுக்கினாலும் இடையில் சந்து விழும். தேங்காயெண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகள் பெரும்பாலும் நேரான சங்கிலிகள். சிறிது குளிர்ந்தாலே நெருங்கிப் படிந்து இறுகிவிடுகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பல கோணல் உடையவை. அவை இறுகுவதற்குக் கடுங்குளிர் வேண்டும். நெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பலவகைக் கொழுப்புகளின் கூட்டமாதலின் அதற்கென ஒரே உருகுநிலை இல்லை. கையளவு வெப்பத்திலே ஒரு பகுதி உருகி நிற்க, மறுபகுதி மணல்மணலாக அடியில் கிடக்கும். மெல்ல ஆறவிட்ட நெய் மணலாகும், விரைந்து குளிர்ந்த நெய் மழமழவென்று உறையும் என்பதை எந்தப் பாட்டியாரும் அறிவார்.

கோடையில் இதற்கு நேர்மாறு. மே, சூன் திங்கள்களில் 45 பாகையைத் தொடும் ஊரிலே, மின்தடைக்கென்று பெட்டியில் வாங்கி வைத்த மெழுகுவத்திகள் தீக்குச்சியைக் காணாமலே வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பூசைக்குரிய கற்பூரமோ உருகும் வேலையையே மேற்கொள்வதில்லை; கட்டியாக இருந்தவாறே ஆவியாகி, ஒருநாள் திறந்து பார்த்தால் டப்பாவில் மணமும், துணைக்குப் போட்ட மிளகும் மட்டுமே இருக்கும். மிளகு உண்மையிலேயே கற்பூரத்தைக் காக்கிறதா என்று எம்மை வினவாதீர்கள். யாமும் போட்டுத்தான் வைக்கிறோம்.

இவை யாவும் வேடிக்கைகள். யாம் சொல்ல வந்தது ஓர் ஈயச் சொம்பின் செய்தி.

1975ஆம் ஆண்டில் எமக்குத் திருமணம் நிகழ்ந்தது. மனைவியார் தில்லிக்குப் புறப்பட்டபோது, எம் அன்னையார் தம் அடுக்களையிலிருந்து ஈயச் சொம்பை எடுத்துப் பழம்புடவையில் சுற்றிக் கொடுத்தார். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தது அது. ஈயம் என்றாலும் அது காரீயம் அன்று, வெள்ளீயம். காரீயம் உடலுக்கு நஞ்சு. வெள்ளீயத்தை மெல்ல வளைத்தால் உள்ளிருந்து கறகறவென்று ஒலி எழும். வேதியியலார் அதனை வெள்ளீயத்தின் அழுகை என்பர். அச்சொம்பில் வைத்த ரசத்தின் சுவையை யாம் எழுத்தில் வடிக்க முயலப் போவதில்லை. அறிந்தவர் அறிவர்.

வெள்ளீயத்தின் உருகுநிலை 232 பாகை. காரீயம் கலந்திருப்பின் இன்னும் விரைவில், 183 பாகை அளவிலேயே உருகத் தொடங்கும். அடுப்பின் சுடரோ ஆயிரம் பாகையைத் தாண்டியது. அவ்வாறாயின் சொம்பு எப்படி அடுப்பில் நிற்கிறது? உள்ளே இருக்கும் புளிநீரே அதனைக் காக்கிறது. நீர் கொதிக்கும்போது 100 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சுடர் தரும் வெப்பத்தை எல்லாம் வாங்கி ஆவியாக்கி வெளியே அனுப்பிவிடுகிறது. தாளால் செய்த கிண்ணத்தில் நீர் ஊற்றிக் கொதிக்க வைத்து இதனை மாணவர்க்குக் காட்டுவோம், தாள் கருகாது. நீர் வற்றினாலோ, வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினாலோ, அடுத்த சில நொடிகளில் சொம்பு இராது.

இதனை வகுப்பறையில் நாற்பது மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொண்டிருந்தோம். எம் வீட்டு அடுப்படியில் நின்ற ஒருவர்க்குச் சொல்லவில்லை.

1976 சனவரியில் ஒருநாள் காலை. மனைவியார் தலைவாரிக் கொள்ள எண்ணெய்ப் புட்டியை எடுத்திருக்கிறார். அது வழக்கம் போல் இறுகியிருந்தது. வெந்நீர்க் கிண்ணத்தில் அதனை நிற்க வைத்துவிட்டு, ரசத்திற்குப் புளி கரைக்க அமர்ந்தார். கழுவிய சொம்பில் ஈரம் இருந்ததனால் அதனை உலர்த்த எண்ணி அடுப்பில் வைத்திருக்கிறார். அவருடைய பிறந்த வீட்டில் ரசம் வைப்பது கற்சட்டியில். கற்சட்டியை அடுப்பில் காய வைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. எண்ணெய் உருகிற்றா என்று புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக் கொண்டிருந்த நேரத்தில், பின்னால் சொம்பு தன் அடியை இழந்தது.

ஓசை பெரிதாக ஒன்றும் எழவில்லை. யாம் பள்ளிக்குப் புறப்படக் காலுறை அணிந்து கொண்டிருந்தோம். அவர் அழைத்த குரலைக் கேட்டு உள்ளே சென்று பார்த்தபோது, அடுப்பின் கீழே மேடைமேல் வெள்ளி போலப் பளபளத்து ஒரு குட்டை தேங்கியிருந்தது. எம் கண்ணெதிரே அதன் மேல் ஒரு மங்கல் படர்ந்து இறுகியது. அடுப்பின் மேல் வாய்வளையம் மட்டும் சாய்ந்து நின்றது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ முறை வெள்ளீயத்தை உருக்கிக் காட்டியிருக்கிறோம். இவ்வளவு அழகாக அது உருகியதை அன்றுதான் கண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது யாம் சொன்ன சொற்களை இங்கே எழுத மனம் ஒப்பவில்லை. அவர் பெற்ற பட்டத்தையும், அவருடைய பிறந்த வீட்டையும் அச்சொற்கள் தொட்டன என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். அவர் மறுமொழி கூறவில்லை. யாம் மாலையில் திரும்பியபோது மேடை துடைக்கப்பட்டிருந்தது. ஈயத் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, பருக்கை போலச் சிதறிய மணிகளையும் சேர்த்து, ஒரு ஆர்லிக்ஸ் புட்டியில் போட்டு வைத்திருந்தார். அன்று ரசம் வைக்கவில்லை. அதன் பின்னும் பல நாள் வைக்கவில்லை.

அன்னையாருக்கு எழுத எமக்கும் துணிவில்லை. அவர் சித்திரை மாதம் தாமே வந்துவிட்டார். வந்த அன்றே, "சொம்பு எங்கே?" என்றார். மனைவியார் உள்ளே சென்று ஆர்லிக்ஸ் புட்டியைக் கொண்டு வந்து அவர் முன் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அன்னையார் புட்டியைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஏம்மா, இதற்கா அழுகிறாய்? நான் கல்யாணமாகி வந்த வருஷம் இதையே உருக்கித் தொலைத்தேன். என் மாமியார் எடைபோட்டுக் கொடுத்து, கும்பகோணத்தில் திரும்பத் தட்டி வாங்கினார். இது அந்த ஈயம்தான். எங்கே போய்விடும்?"

இதனை எம்மிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சிரிப்பு அடங்கியபின் எம் பக்கம் திரும்பி, "நீ என்னடா சொன்னாய் இவளை?" என்று கேட்டார். யாம் வாய் திறக்குமுன் மனைவியார், "ஒன்றும் சொல்லவில்லை அத்தை" என்றார்.

அன்னையார் ஊர் திரும்பும்போது அந்தப் புட்டியைக் கொண்டு சென்றார். கடைக்காரர் எடைக்கு எடை ஈயத்தை ஏற்று, உருக்கியதில் கசடாகப் போனதற்குச் சிறிது புது ஈயம் சேர்த்து, கூலி வாங்கிக் கொண்டு சொம்பைத் தட்டிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதத்தில் அது மீண்டும் தில்லிக்கு வந்தது. பழையதை விட வாய் சற்று அகலம். மற்றபடி வேறுபாடு காண இயலாது. உருகுவதும் உறைவதும் வெள்ளீயத்திற்கு ஒரு பொருட்டன்று. எத்தனை முறை உருக்கினாலும் 232 பாகையில் உருகும். ஆறினால் அதே உலோகம்.

எல்லாப் பொருளும் அப்படித் திரும்பி வருவதில்லை. சாக்லேட்டை எண்ணிப் பாருங்கள். எம் மகள் சிறுமியாக இருந்தபோது, கோடை விடுமுறையில் சட்டைப்பையில் அதனை ஒளித்து வைத்து, உருகியபின் குளிர்பெட்டியில் இட்டு மீட்கப் பார்ப்பாள். இறுகும்; ஆனால் பளபளப்புப் போய், மேலே சாம்பல் பூத்தது போல வெண்மை படியும்; வாயிலிட்டால் பொடபொடக்கும். கெட்டுவிட்டது என்று வீசிவிடுவாள். கெடவில்லை. கொக்கோக் கொழுப்பு ஆறு வகையான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது வகையே நாவின் வெப்பத்தில், ஏறத்தாழ 34 பாகையில், உருகுவது. அதனை வரவழைக்கத்தான் தொழிற்சாலையில் சூடாக்கியும் ஆற்றியும் அவ்வளவு பாடுபடுகிறார்கள். சட்டைப்பையிலும் குளிர்பெட்டியிலும் அந்தப் பக்குவம் நிகழாது. பொருள் அதுவே, முகம் வேறு.

சர்க்கரையின் செய்தி இன்னும் கடினமானது. அதில்தான் யாம் அன்னையாரிடம் தோற்றோம். தோற்றதை அவர் இருக்கும்போது அறியவும் இல்லை.

1988ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு அவர் எம்மோடு இருந்தார். அதிரசத்திற்குப் பாகு காய்ச்சிக் கொண்டிருந்தார். அவர் பதம் பார்ப்பதை மகள் அருகிலிருந்து கவனிப்பாள். கிண்ணத்து நீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டி உருட்டுவார். கரைந்து ஓடினால் போதாது. உருண்டு வந்து, விரலை எடுத்ததும் சற்றே தளர்ந்தால் அதிரசம். உருண்டையைத் தட்டில் போட்டால் 'ணங்' என்று ஒலிக்குமாயின் அது பொரி உருண்டைக்கு; அதிரசம் செய்தால் பல் போய்விடும். அதிரசப் பதம் வெப்பமானியில் 115 பாகையை ஒட்டியது, ஒலிக்கும் பதம் 150ஐ நெருங்கியது. இங்கே வெப்பம் உரைப்பது, பாகில் இன்னும் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதையே. நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது.

மகள், "வெல்லம் தண்ணீரில் உருகிவிட்டது பாட்டி" என்றாள். தில்லியில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாமே உருகுதல்தான். அன்னையார் விடவில்லை. "நெய் உருகும். வெல்லம் தண்ணீரில் கரையும். மழைக்காலத்தில் வெல்லம் தானே இளகும். சோறு குழையும். அததற்கு ஒரு சொல் இருக்கிறது" என்றார். எமக்கு ஆசிரியப் புத்தி விழித்துக் கொண்டது. நீரில்லாமலே சர்க்கரை உருகும் என்று காட்டுவதாகச் சொல்லி, பள்ளியிலிருந்து கொணர்ந்திருந்த 360 பாகை வெப்பமானியையும் ஒரு கரண்டிச் சர்க்கரையையும் எடுத்து அடுப்பருகே சென்றோம். பாடநூலில் சர்க்கரையின் உருகுநிலை 186 பாகை என்று அச்சிட்டிருந்தது.

சிறு தீயில் வைத்தபோது 170ஐ எட்டுமுன்பே ஓரங்கள் இளகிப் பழுப்பேறத் தொடங்கின. வெப்பமானி சரியில்லை என்றோம். வேறொரு கரண்டியில் பெருந்தீயில் வைத்தோம். இம்முறை 180ஐத் தாண்டியபின்தான் இளகியது. சர்க்கரையில் மாசு இருக்கிறது என்றோம். அன்னையார் அதிரச மாவைப் பிசைந்தவாறே, "சர்க்கரை எங்கேடா உருகுகிறது? அது தீய்கிறது. நீ தீயை எப்படி வைக்கிறாயோ அப்படித் தீயும். அதற்குப் போய்க் கணக்கு வைத்திருக்கிறாயே" என்றார்.

உருகுநிலை என்பது ஒரு தூய பொருளின் பிறப்படையாளம் போன்றது, தீயின் வேகத்தைப் பொறுத்து அது மாறாது, என்று யாம் அவருக்கு நீண்ட விளக்கம் தந்தோம். பேத்தியின் முன்னே, சற்று உரக்கவே தந்தோம். பாடநூலைக் கொண்டு வந்து அந்த எண்ணின்மேல் விரல் வைத்துக் காட்டினோம். ஆங்கிலம் அறியாத அவரிடம் ஆங்கில நூலைக் காட்டியது எவ்வகை நாகரிகம் என்று அன்று தோன்றவில்லை. "சரிப்பா, நீ படித்தவன்" என்று சொல்லிவிட்டு அவர் மாவைத் தட்டத் தொடங்கினார்.

1996ஆம் ஆண்டில் அவர் காலமானார். 2011ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஷெல்லி ஷ்மிட் என்னும் உணவியல் பேராசிரியரும் அவருடன் ஆய்ந்தவர்களும் ஒரு முடிவை வெளியிட்டனர். நூல்கள் சர்க்கரைக்கு வெவ்வேறு உருகுநிலைகளைத் தருவது ஏன் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. அவர்கள் கண்டது இது: சர்க்கரை மற்றப் பொருள்களைப் போல உருகுவதில்லை, சூட்டில் அதன் மூலக்கூறு சிதைகிறது. அச்சிதைவினாலேயே படிகம் குலைந்து நீர்மம் போலத் தோன்றுகிறது. மெல்லச் சூடாக்கினால் குறைந்த வெப்பத்திலும், விரைந்து சூடாக்கினால் மிகுந்த வெப்பத்திலும் அது நிகழும். ஆகவே சர்க்கரைக்கென ஒரு நிலையான உருகுநிலை இல்லை.

யாம் அப்போது பணி ஓய்வு பெற்றிருந்தோம். செய்தியைப் படித்தபின் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பாடநூலைத் தேடி எடுத்து, 186 என்னும் எண்ணைக் கண்டோம். எத்தனை ஆண்டு, எத்தனை வகுப்புகளில் அதனைக் கரும்பலகையில் எழுதியிருப்போம்! மனைவியாரிடம் சொன்னோம். "அத்தை அன்றைக்கே சொன்னார்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாம் பள்ளிக்கு ஒரு மடல் எழுத எண்ணினோம், எழுதவில்லை. எழுத வேண்டியவர் பள்ளியார் அல்லர்.

பழுப்பேறிய சர்க்கரையை மீண்டும் வெள்ளைச் சர்க்கரையாக்கும் வழி எதுவும் வேதியியலில் இல்லை. நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களாக அது பிரிந்துவிடுகிறது. அதன் மணமும் கசப்பும் அவற்றால் வருவனவே. யாம் 1988இல் தீய்த்த இரண்டு கரண்டிகளில் ஒன்றைத் தேய்த்துக் கழுவ முடியாமல் எறிந்துவிட்டோம். மற்றது இன்னும் வீட்டில் இருக்கிறது. அடியில் கருமை போகவில்லை.

சென்ற தைத்திங்களில் மகள் பூனாவிலிருந்து வந்திருந்தாள். அந்த ஈயச் சொம்பைத் தான் கொண்டு போவதாகக் கேட்டாள். அவள் வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு. ஈயத்தைக் காந்தம் பற்றாதாகையால் அதில் சொம்பு காயாது. ஆயினும் மூலையில் ஒரு வாயு அடுப்பும் வைத்திருக்கிறாளாம். மனைவியார் அவளை அடுப்படிக்கு அழைத்துச் சென்று ஒருமுறை ரசம் வைத்துக் காட்டினார். முதலில் சொம்பில் புளிநீர். அது வாய்க்கு இரு விரல் கீழே நிற்க வேண்டும். அதன் பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். சுடர் சொம்பின் அடியைத் தாண்டி வெளியே நக்கக் கூடாது. நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சொம்பை எடுக்க வேண்டும்.

யாம் வாயிற்படியில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தோம். 232 என்னும் எண்ணைச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் இருந்தோம்.

"நீ ஒருமுறை உருக்கிவிட்டாயாமே அம்மா? பாட்டி சொல்லியிருக்கிறாள். அப்பா அப்போது என்ன சொன்னார்?" என்று மகள் கேட்டாள்.

மனைவியார் சுடரைச் சற்றுக் குறைத்தார். பிறகு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் காலையில் யாம் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் மாறாமல், கோபமில்லாத குரலில் சொன்னார்.

மகள் திரும்பி எம்மைப் பார்த்தாள். ரசத்தில் நுரை கூடியிருந்தது. யாம் எழுந்து சென்று அடுப்பை அணைத்தோம்.